தெரிஞ்சா, தெரியாமலா

என்னங்கடா, சிரிச்சு முடிச்சாச்சா? முடிக்காதவன் இப்பவே முடிச்சிருங்க, பாதியில ஒருத்தன் ஹிஹின்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன். மாப்பிள போதையில கபூல் சொன்ன கதைன்னா உங்களுக்குப் புரோட்டாவுக்குச் சால்னா ஊத்துன மாதிரி, தெரியாதா எனக்கு. விடியக்கால சுபுஹு பாங்கைத் தாலாட்டுன்னு நெனச்சுத் தூங்குறவனுவ எல்லாம் வந்து மார்க்கச் சட்டம் கேக்குறானுவ, குடிச்சவன் பண்ணுன நிக்காஹ் செல்லுமாடான்னு. சொல்றேன். ஆனா 'அவன்'னுதான் சொல்லுவேன், அப்படிச் சொன்னாத்தான் வாயில வருது. மகுதூம்னு ஒருத்தன். பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினார் மவன். பாலிடெக்னிக்ல ரெண்டாவது வருசத்தோட பையைத் தூக்கிட்டு வந்தவன். வாயைத் தொறந்தா மையத்துக் கெடக்குற வீட்டுலயும் நாலு பேரு சிரிப்பான். யாருன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க, அது போதும்.

சாயந்தரம் அசரு தொழுது சனம் கலைஞ்சு போச்சு. மகுதூம் பள்ளிவாசல் ஹவுளுத் தொட்டிப் படியில உக்காந்து, தொழுகைக்கு ஒளு செய்யிற மாதிரி கையைத் தண்ணிக்குள்ள விட்டான், எடுத்தான், விட்டான். மூணு தடவ கழுவுனா போதும், இது பதினஞ்சு இருக்கும், விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போச்சு. கால் விரலைச் சின்ன மீனு ஒண்ணு வந்து கொத்துது. கொத்து, நல்லாக் கொத்து, நீயாவது ஒரு தண்டனை குடு. ஹவுளுக்கு அந்தப் பக்கம் மதரசா ரூமு, சன்னல் தொறந்து கெடக்கு, உள்ள பேசுறது ஒண்ணு விடாம கேக்குது. மார்க்கத் தீர்ப்புச் சொல்ற ஹஜ்ரத்து இருக்காரு, பொண்ணோட வாப்பா இருக்காரு, பொண்ணு கூடப் பொறந்த காக்கா ஜரூக் இருக்கான், திரைக்கு அந்தப் பக்கம் பொண்ணு மைமூனும் அவளுக்கு மூத்த லாத்தாவும். நடுவுல மாப்பிள நூஹு. நிக்காஹ் நடந்து ஒம்பது நாளு. ஹஜ்ரத்து நூஹுட்ட கேட்டது ஒரே கேள்வி: "தெரிஞ்சு குடிச்சியா வாப்பா, தெரியாம குடிச்சியா?" நூஹு பதில் சொல்லத் தொடங்குனான். "தெரி…"ன்னான். நின்னுட்டான். நூஹுக்குப் பொறந்ததுல இருந்தே திக்குவாய். "தெரி… தெரி… தெரி…" உள்ள ஃபேன் சுத்துற சத்தம், அதுக்கு நடுவுல இது. என்ன பாஷைடா இது, தெரிஞ்சவனும் தெரியாதவனும் ரெண்டு எழுத்துக்குத் தோள்ல கை போட்டு ஒண்ணா நடந்து வந்து மூணாவது எழுத்துல ஆளுக்கொரு தெருவுல பிரியிறானுவ. அந்த மூணாவது எழுத்துலதான் ஒரு பொம்பளப் புள்ளயோட வாழ்க்கை கெடக்கு, அது நூஹு தொண்டையில மாட்டிக்கிட்டு நிக்குது.

ஹஜ்ரத்து கொஞ்ச நேரம் முந்தித்தான் கிதாபைத் தொறந்து வச்சு எல்லாருக்கும் புரியுற மாதிரிச் சொல்லியிருந்தாரு. தானா தெரிஞ்சு குடிச்சவன் போதையில என்ன சொன்னாலும் அது அவன் கழுத்துல ஏறும், நிக்காஹோ தலாக்கோ, குடிச்சிருந்தேன்னு சாக்குச் சொல்லித் தப்பிக்க விடக்கூடாதுன்னு நம்ம ஷாபி மத்ஹபுச் சட்டத்துல அப்படி. தெரியாம குடிச்சவன், ஏமாத்தி ஊத்தப்பட்டவன், புத்தி மாறிப் போயிட்டான்னா அவன் தூங்குறவன் கணக்கு. தூக்கத்துல உளறுனது நிக்காஹ் ஆவாது. ஆக, தெரியாமன்னா நிக்காஹே நடக்கல. தலாக்கு வேண்டாம், இத்தா இருந்து நாள் எண்ண வேண்டாம், நிக்காஹ் எழுதுன தப்தர்ல பேரை அடிச்சுட்டு மைமூன் பழைய மைமூனா வீட்டுக்குப் போவலாம். தெரிஞ்சேன்னா அவ நூஹு பொண்டாட்டி, அவனா விட்டாத்தான் விடுதலை, அவன் விடமாட்டேன்னு ஒம்பது நாளா சொல்லிக்கிட்டிருக்கான். குடிகாரனைத் தண்டிக்கணும்னு எழுதுன சட்டம், அதைக் கொண்டாந்து மைமூன் கழுத்துல போட்டா எப்படி? இதைப் போயி யாருட்ட கேக்குறது, மகுதூம் கேட்டா சிரிப்பானுவ, இவனுக்கு மார்க்கம் வேறயான்னு. கேக்காட்டியும் அவனுக்கு விடை தெரியும். தெரியாமத்தான் குடிச்சான் நூஹு. பிஸ்மி சொல்லிக் குடிச்சான். "பி… பி… பிஸ்மி"ன்னு மூணு தடவ தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிச்சுட்டுத்தான் கிளாஸை வாயில வச்சான். எவனாவது ஹராமுக்குப் பிஸ்மி சொல்லுவானா? அந்தப் பிஸ்மி ஒண்ணு போதும் சாட்சிக்கு. அதைக் கேட்டவன் உலகத்துல ஒரே ஒருத்தன். இப்ப மீனுக்குக் காலைக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கான்.

எல்லாம் அந்த ஒத்த வார்த்தையால வந்தது. கபில்து. ஏத்துக்கிட்டேன்னு அர்த்தம், அதான் கபூல். பொண்ணோட வாப்பா மாப்பிள கையைப் புடிச்சு, என் மவளை உனக்கு நிக்காஹ் செஞ்சு தந்தேன்னு சொன்ன ஒடனே மாப்பிள சொல்லணும், இடைவெளி விடக்கூடாது. நிக்காஹுக்கு ஒரு வாரம் முந்தி மகுதூமு வாப்பாதான் எதார்த்தமா அதைச் சொன்னாரு. நூஹு மூஞ்சி செத்துப் போச்சு. நூஹு கிட்ட 'க'வைக் குடுத்தா கோழி தொண்டையில புளியங்கொட்டை மாட்டுன மாதிரி க… க… க…ன்னு நாப்பது வரைக்கும் எண்ணலாம். மொட்டை மாடியில ஒரு வாரம் பழக்குனான் மகுதூமு. தண்ணித் தொட்டிதான் மாமனாரு, நூஹு தொட்டிக் குழாயைப் புடிச்சுக்கிட்டு நிப்பான், மகுதூம் தொட்டிக்குப் பின்னால நின்னு மாமனாரு குரல்ல சொல்லுவான், நூஹு க… க…ன்னு தொடங்குவான், மகுதூம் கைக்கடிகாரத்தைப் பாப்பான். "மச்சான், இந்த வேகத்துல போனா நீ கபூல் சொல்றதுக்குள்ள பொண்ணுக்கு நரைச்சிரும்டா." நூஹு சிரிச்சான். சிரிக்கும்போது அவனுக்குத் திக்காது. அதைப் பாத்துக்கிட்டுதானே இருந்தே, சிரிக்க வச்சே விட்டிருக்கலாம்ல, அன்னிக்குக் காலையில காதுக்குள்ள ஒரு ஜோக்குச் சொல்லி மேடையில ஏத்தியிருந்தா முடிஞ்சிருக்கும். ஜோக்குக்கா பஞ்சம் உன்கிட்ட. ஆனா மகுதூமு அதை விட்டுட்டுப் பக்கத்து ஊருக் கடையில போயி ஒரு குவாட்டர் வோட்கா வாங்குனான். நாக்கு பிரளும்னு பாலிடெக்னிக் ஹாஸ்டல்ல ஒருத்தன் சொன்னது ஞாபகம். நல்லதுக்குத்தான் செஞ்சான். இல்ல, நல்லதுக்கு மட்டும் இல்ல. முந்துன நாளு டீக்கடையில வச்சு "நாளைக்குப் பாருங்கடா, நூஹு ரேடியோ மாதிரி பேசுவான்"னு சொன்னான்ல, நீங்களும்தானே சிரிச்சிய. அந்தச் சிரிப்புக்கும் சேத்துத்தான் வாங்குனான். எத்தன பங்கு நல்லது, எத்தன பங்கு சிரிப்புன்னு இப்பப் பிரிச்சு எடுக்க முடியல, அன்னிக்குக் காலையில நன்னாரி சர்பத்துல அந்த வோட்காவை ஊத்துன மாதிரியே கலந்து போச்சு. நூஹு முதல் மடக்குல மூஞ்சியைச் சுளிச்சான். "க… கசக்குதேடா." "மருந்துக்கடைச் சூரணம் மச்சான், நாக்குத் தெளியிறதுக்கு. கண்ணை மூடிக் குடி." கண்ணை மூடிக் குடிச்சான். மூடச் சொன்னா மூடுவான், அப்படி ஒரு நம்பிக்கை, யாரு கேட்டா அந்த நம்பிக்கையை? கொஞ்ச நேரத்துல "டேய் மச்சான், நாக்கு ஓடுதுடா, இன்னும் ஊத்து"ன்னான். ஒரு திக்கு இல்ல. மகுதூமுக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஊத்துனான். கேட்டுத்தானே ரெண்டாவது குடிச்சான்? அவனா கேட்டான், அப்ப அது தெரிஞ்சு கணக்குத்தானே? சூரணம்னு நெனச்சுல்ல கேட்டான். ஆனா கேட்டான். சூரணம்னு நெனச்சு. இந்த இடத்துல மகுதூமு புத்தி செக்கு மாடு மாதிரி ஒம்பது நாளாச் சுத்துது.

கபில்துன்னு நூஹு அன்னிக்குச் சொன்னது மணி அடிச்ச மாதிரி இருந்துச்சு. பந்தலே மாஷா அல்லாஹ்ன்னுச்சு. நூஹு உம்மா பொம்பளைங்க பக்கத்துல அழுதுச்சாம். மாமனாரு கையை விடாம நூஹு அவரு காதுல போயி, "மாமா, நீங்க யாரு?"ன்னு கேட்டான். மாப்பிள விளையாடுறாருன்னு மாமா சிரிச்சாரு. மகுதூமும் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே முதுகு வேர்த்துச்சு. அப்பவே எந்திரிச்சு நிறுத்துங்கன்னு சொல்லியிருக்கலாம். நானூறு பேரு. பிரியாணி தம்முல இருக்கு. தப்தர்ல வாப்பா அழகா எழுதிக்கிட்டிருக்காரு, பேருக்குக் கீழ பேரு. சொல்லல. மாப்பிளையைப் பொண்ணு பாக்க உள்ள கூட்டிட்டுப் போனாங்க, நூஹு மைமூன் முன்னாடி நின்னான், ஸலாம் சொல்லக் குனிஞ்சான், அப்படியே அவ மடியிலே வாந்தி எடுத்தான். அத்தரு, ரோஜா, நன்னாரி, எல்லாத்தையும் மீறி அந்த வாடை. மைமூன் கத்தல, அழல, சேலையைக் கூட ஒதறல, அவ லாத்தாவைத் திரும்பிப் பாத்தாளாம். லாத்தா புருசன் குடிகாரன். அந்த லாத்தாவுக்கு முன்னாடி ரெண்டு பல்லு கெடையாது, சிரிச்சாலும் பேசுனாலும் முந்தானையை வாயில வச்சுக்கும். ஒரு தடவ மகுதூம் அதை வச்சு ஒரு ஜோக்கு அடிச்சான், என்ன ஜோக்குன்னு கேக்காதீங்க. மைமூன் கல்யாணத்துக்குப் போட்ட ஒரே நிபந்தனை, குடிக்காதவனா இருக்கணும், வேற எது இல்லாட்டியும் பரவால்ல, வாய் திக்குனாலும் பரவால்ல. ஜரூக் விசாரிக்க வந்தது யாருட்ட? மகுதூமுட்ட. "நூஹு சோடா குடிச்சாலே ஏப்பத்துக்குப் பயப்படுவான் காக்கா"ன்னான். ஜரூக் சிரிச்சுக்கிட்டே போயி வீட்டுல அதை அப்படியே சொல்லியிருக்கான். மைமூனும் சிரிச்சாளாம்.

"தெரி… தெரி…" இன்னும் வரல. ஹஜ்ரத்து அவசரப்படுத்தல. "மெதுவாச் சொல்லு வாப்பா, மஃரிபுக்கு நேரம் கெடக்கு." மகுதூமுக்கு என்ன வரும்னு தெரியும். காலையிலேயே நூஹு வீட்டு வாசல்ல வந்து நின்னான், சோறு தண்ணி எறங்காத மூஞ்சி. "நான் தெ… தெரிஞ்சேதான் குடிச்சேன்னு சொ… சொல்லப் போறேன். உன்னையும் கூ… கூப்பிடுவாங்க. நீயும் அப்படியே சொல்லிரு." "ஏண்டா, இல்லாத பாவத்தை எடுத்துத் தலையில வச்சுக்குற?" "அ… அவ போயிருவாடா." அவ்வளவுதான் காரணம். பொறவு சுவத்தைப் பாத்துக்கிட்டு மெதுவாச் சொன்னான், "அந்த வார்த்தையை நான் சொன்னதே எனக்கு ஞா… ஞாபகம் இல்ல மகுதூம். எப்படிச் சொன்னேன்? நல்லாச் சொன்னேனா?" நல்லாச் சொன்னேடா, மணி மாதிரின்னான் மகுதூம். நூஹு மூஞ்சியில ஒரு சந்தோசம். அப்ப நூஹு ஒரு அறை விட்டிருந்தா மகுதூமுக்கு எல்லாம் லேசாப் போயிருக்கும். இவன் அறையவும் மாட்டான், திட்டவும் மாட்டான், திட்டத் தொடங்குனாலும் திக்கும். சொல்லாத வார்த்தையை வச்சுக்கிட்டு ஒரு புள்ளையைக் கட்டிப் போடப் பாக்குறான், அது காதலா, களவா? களவுன்னா சாவியைச் செஞ்சு குடுத்தவன் யாரு?

"ஏண்டா எத்தன தடவடா கழுவுவே?" வாப்பா வந்து நின்னாரு, கையில சாவிக்கொத்து. "ஆத்துல உக்காந்து ஒளு செஞ்சாலும் தண்ணியை வீணாக்கக் கூடாது." "அழுக்கு போவல வாப்பா." "உன்னை எதுக்குக் கூப்பிட்டிருக்காங்க?" "நான் மாப்பிளத் தோழன்ல." வாப்பா கொஞ்ச நேரம் பாத்தாரு. அவரு பாக்குறப்போ மகுதூமுக்கு எப்பவும் ஒரு ஜோக்கு வரும், இன்னிக்கு வரல. "உண்மையைச் சொல்லிட்டு வா. உன் வாயில எல்லாம் வரும், அது ஒண்ணுதான் வராது." சொல்லிட்டு மைக்கைத் தொடைக்கப் போயிட்டாரு. முப்பது வருசமா இந்தப் பள்ளியில அவருதான் பாங்கு. பள்ளிக்குப் பின்னால ரெண்டு ரூமு வீடு, அதுவும் பள்ளியோடது. மாப்பிளைக்கு ஹராமை ஊத்துனவன் மோதினார் மவன்னு தெரிஞ்சா மறுநாளு பாங்கு வேற குரல்ல கேக்கும். உம்மா சட்டி பானையைத் தூக்கிட்டு எங்க போவும்? அதையும் இதையும் தராசுல வச்சுப் பாத்தான் மகுதூம். இந்தத் தட்டுல வாப்பா, அந்தத் தட்டுல மைமூன். மைமூன் எனக்கு யாரு, ஜரூக் தங்கச்சி, ஒரு தடவ முகம் பாத்து ரெண்டு வார்த்தை பேசுனது கிடையாது. அப்படி நெனச்சதும் மடியில வாந்தியோட உக்காந்திருக்கிற ஒரு புள்ளை கண்ணுக்குள்ள வந்துச்சு, அவன் அதைப் பாக்கவே இல்ல, கேள்விப்பட்டதுதான், இருந்தாலும் வந்துச்சு.

"தெ… தெரிஞ்சுதான் ஹஜ்ரத்." வந்துருச்சு. மூணாவது எழுத்து விழுந்துருச்சு. உள்ள யாரோ பெருமூச்சு விட்டாங்க. "ஏன் வாப்பா குடிச்சே? நல்ல புள்ளையாச்சே நீ." "வா… வார்த்தை திக்கிரக் கூடாதுன்னு. இ… இடைவெளி விழுந்தா நிக்காஹ் கூடாதுன்னு சொ… சொன்னாங்க." ஹஜ்ரத்து சொன்னாரு, ரொம்ப மெதுவா, ஆனா சன்னல் வழியா மகுதூமு காதுல ஊசி மாதிரி எறங்குச்சு. "திக்குறது இடைவெளியில சேராது வாப்பா. அது அல்லாஹ் குடுத்த நாக்கு. நீ மத்தியானம் லுஹரு வரைக்கும் இழுத்துச் சொல்லியிருந்தாலும் நான் காத்துக்கிட்டு இருந்திருப்பேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." ஒரு வார்த்தை. ஹஜ்ரத்து வீடு மகுதூமு வீட்டுல இருந்து எட்டாவது வீடு. எட்டு வீடு நடக்காம, பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போயி குவாட்டர் வாங்கிட்டு வந்தான். ஹவுளுத் தண்ணியில அவன் மூஞ்சி ஆடுது. மீனு கூட இப்பக் கொத்தல.

"மகுதூமை வரச் சொல்லுங்க."

உள்ள போனான். ஈரக் காலு தரையில தடம் விழுது. யாரும் உக்காரச் சொல்லல. ஹஜ்ரத்து கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுப் பேசுனாரு. "நூஹு சொல்றது அவன் ஆசைக்குத் தோதா இருக்கு. அதனால நான் அதை மட்டும் வச்சு முடிவு சொல்ல மாட்டேன். அன்னிக்குக் காலையில இருந்து அவன் கூட இருந்தவன் நீ. அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்லு. நூஹு தெரிஞ்சு குடிச்சானா, தெரியாமலா?" மகுதூம் வாயைத் தொறக்குறதுக்குள்ள திரைக்கு அந்தப் பக்கத்துல இருந்து மைமூன் குரல். முதல் தடவையா அவ குரலைக் கேக்குறான். நடுக்கமே இல்ல. "மகுதூம் காக்கா, எங்க காக்கா விசாரிக்க வந்தப்ப நீங்கதானே சொன்னிய, அவரு சோடாவுக்கே பயப்படுவாருன்னு. நான் அதை நம்பித்தான் சரின்னு சொன்னேன். தெரிஞ்சுதான் குடிச்சாருன்னா அன்னிக்கு நீங்க சொன்னது பொய்யி. எதுன்னு நீங்களே சொல்லிருங்க." பக்கத்துல லாத்தா "சும்மா இருடி"ன்னுச்சு, முந்தானைக்குள்ள இருந்து வர்ற குரலு.

மகுதூம் சொல்லத் தொடங்குனான். "தெரி…"ன்னான். நின்னுட்டான். நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. "தெரி… தெரி…" சத்தியமா வரல. வாழ்க்கையில ஒரு நாளு கூட நிக்காத நாக்கு, வாத்தியாருட்ட நிக்கல, வாப்பாட்ட நிக்கல, போலீஸ்ட்ட நிக்கல, இங்க வந்து படுத்துக்கிச்சு. "தெரி… தெரி…" ஜரூக் பாய்ஞ்சு வந்து சட்டையைப் புடிச்சான். "எங்க வந்து யாரை நக்கல் பண்றே? இந்த எடத்துலயுமா அவனை மாதிரி பேசிக் காட்டுவே?" மகுதூம் இல்லன்னு தலையாட்டுனான். அதையும் நடிப்புன்னு நெனச்சானுவ. நியாயந்தான், இருபது வருசமா நூஹு மாதிரிப் பேசிக் காட்டித்தானே ஊரைச் சிரிக்க வச்சான். ஹஜ்ரத்தும் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. நூஹு மட்டும் பாத்துக்கிட்டிருந்தான். அவனுக்கு மட்டும் தெரியும் இது நக்கல் இல்லன்னு, அந்த எடத்துல நிக்கிறது எப்படின்னு அவனுக்குத்தான் தெரியும். கண்ணாலயே, அவசரப்படாத, மூச்சை விட்டுட்டுச் சொல்லுன்னான். மகுதூம் மூச்சை விட்டான்.

"தெரிஞ்சுதான் குடிச்சான் ஹஜ்ரத்."

மணி மாதிரி வந்துச்சு. ஹஜ்ரத்து கிதாபை மூடுனாரு. "அப்ப நிக்காஹ் செல்லும்"னாரு. பொண்ணோட வாப்பா எந்திரிக்கப் பாத்து முடியாம சுவத்தைப் புடிச்சாரு. திரைக்கு அந்தப் பக்கம் செருப்பைத் தேடுற சத்தம் மட்டும். நூஹு வந்து மகுதூமு கையைப் புடிச்சான், "ரொ… ரொம்ப…"ன்னான், மீதி வரல. வெளிய வாப்பா மஃரிபு பாங்கு சொல்லத் தொடங்கிட்டாரு, மைக்கு நல்லாத் தொடைச்சிருக்காரு, கணீர்னு கேக்குது.

செல்லுமாடான்னு கேட்டிய. செல்லுச்சு. இன்னிக்கு வரைக்கும் செல்லிக்கிட்டிருக்கு. மைமூன் நூஹு வீட்டுல இருக்கா, அவன் தண்ணி குடிக்கக் கிளாஸை எடுத்தாலும் கிட்டப் போயி மோந்து பாக்குறாளாம். அவன், அவன்னு சொல்லிக்கிட்டு வந்தேன்ல. ஊத்துனது நான். சூரணம்னு சொன்னது நான். நூஹு கெஞ்சுனான், அதான் அப்படிச் சொன்னேன்னு சொல்லலாம், வாப்பா வேலைக்காகன்னு சொல்லலாம், கேக்க நல்லாத்தான் இருக்கும். அதெல்லாம் ஹவுளு ஓரத்துல உக்காந்து யோசிச்சது. ஜரூக் சட்டையைப் புடிச்சப்போ மண்டையில வாப்பாவும் இல்ல, நூஹும் இல்ல, அந்தப் புள்ளையும் இல்ல. அடி விழும்னு பயந்தேன். அதுக்குத்தான் சொன்னேன்.